மில் நின்ற பிறகு அந்தக் கட்டடம் என்ன ஆகிறது?

அவிநாசி ரோட்டில் லட்சுமி மில்ஸ் வளாகத்துக்குள் இன்றைக்கு யார் வேண்டுமானாலும் போய் வரலாம். கடைகள் இருக்கின்றன, சாப்பிட இடம் இருக்கிறது, வண்டி நிறுத்த வசதி இருக்கிறது. 1910-ல் ஜி. குப்புசாமி நாயுடு தொடங்கிய கம்பெனி அது. கம்பெனி நூற்பை விட்டுவிடவில்லை, பல்லடத்திலும் கோவில்பட்டியிலும் அதற்கு ஆலைகள் உண்டு. ஊருக்கு நடுவில் மாட்டிக்கொண்ட பழைய இடம் மட்டும் வேறு வேலைக்கு மாறிவிட்டது. அங்கிருந்து கிளம்பி மேட்டுப்பாளையம் ரோட்டுக்கு வந்தால் கோயம்புத்தூர் முருகன் மில். 2020 ஊரடங்குக்குப் பிறகு அங்கே பழைய ஓட்டம் திரும்பவே இல்லை. ஒரே ஊர், ஒரே தொழில். ஒரு கேட் திறந்திருக்கிறது, இன்னொன்று சாத்திக் கிடக்கிறது.

இதைப் பற்றிப் பேச்சு வந்தாலே "எல்லாம் ரியல் எஸ்டேட்டுங்க" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோம். நில விலை பெரிய காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதை மட்டும் வைத்துப் பார்த்தால் ஒரு மில் ஏன் குடோன் ஆனது, இன்னொன்று ஏன் பனியன் கம்பெனி ஆனது, வேறொன்று ஏன் இத்தனை வருஷமாகச் சீமைக்கருவேலம் முளைத்துச் சும்மா கிடக்கிறது என்பதற்கெல்லாம் பதில் கிடைக்காது. கட்டடம் எப்படிக் கட்டப்பட்டது, எந்தச் சட்டத்தில் சிக்கியது, யார் பெயரில் இருக்கிறது, உள்ளே வேலை செய்தவர்களின் கணக்கு முடிந்ததா இல்லையா, இதெல்லாம் சேர்ந்துதான் முடிவு செய்கிறது. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மில் கட்டடத்துக்கு மறுவாழ்வு தேவை, அது எந்த வடிவத்தில் வந்தாலும் இடிப்பதைவிட நல்லது, ஆனால் கோவையில் அரசு கையில் இருக்கும் மில்களை மட்டும் சந்தை முடிவு செய்யட்டும் என்று விட்டுவிடக் கூடாது.

சரி, முதலில் இந்தக் கட்டடங்கள் எப்படி வந்தன என்று பார்ப்போம்.

கோவையின் முதல் பஞ்சாலை 1888-ல் வந்தது. ராபர்ட் ஸ்டேன்ஸ் தொடங்கிய கோயம்புத்தூர் ஸ்பின்னிங் அண்ட் வீவிங் மில், ஊர்க்காரர்கள் வாயில் ஸ்டேன்ஸ் மில். அது நீராவிக் காலம். கொதிகலனில் தீ மூட்டி ஒரு பெரிய என்ஜினை ஓட்டுவார்கள். அந்த என்ஜினிலிருந்து நீள நீளமான இரும்பு ஷாஃப்ட்டுகள் கூரைக்கு அடியில் ஓடும். ஷாஃப்ட்டிலிருந்து பெல்ட் இறங்கி ஒவ்வொரு மெஷினையும் சுற்றும். என்ஜினிலிருந்து மெஷின் தள்ளிப் போகப் போக சக்தி வீணாகும் என்பதால் எல்லாவற்றையும் நெருக்கமாக நிறுத்தியாக வேண்டும். தூண் கூரையைத் தாங்கினால் மட்டும் போதாது, சுற்றிக்கொண்டே இருக்கும் ஷாஃப்ட்டின் அதிர்வையும் தாங்க வேண்டும். அந்தக் காலத்துச் சுவர்கள் அவ்வளவு தடிமனாக, தூண்கள் அவ்வளவு அடுத்தடுத்து இருப்பதற்குக் காரணம் இதுதான். வெளியே புகைபோக்கி கட்டாயம் உண்டு.

1930-களின் தொடக்கத்தில் கதை மாறியது. நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் 1932-ல் ஓடத் தொடங்கி, மின்சாரம் சமவெளிக்கு இறங்கியது. கரி வேண்டாம், கொதிகலன் வேண்டாம், ஸ்விட்ச்சைப் போட்டால் மோட்டார் சுற்றும். பருத்தி ஏற்கெனவே இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த கம்போடியா பருத்தி கொங்கு நாட்டுக் கிணற்றுப் பாசன நிலங்களில் நன்றாகப் பிடித்துக்கொண்டிருந்தது. வெள்ளாமையிலும் பருத்தி வியாபாரத்திலும் சேர்த்த பணம் குடும்பங்களிடம் இருந்தது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஈரக்காற்றும் நூற்புக்குத் தோதாக இருந்தது. பிறகு என்ன, அவிநாசி ரோட்டிலும் திருச்சி ரோட்டிலும் வரிசையாக மில்கள் எழுந்தன, 1933-லேயே சைமா என்று உரிமையாளர்களுக்கு ஒரு சங்கமும் வந்துவிட்டது. மெஷினுக்கு மெஷின் மோட்டார் வைக்க முடிந்ததால் கட்டடம் மேலே போக வேண்டிய அவசியம் போய், பக்கவாட்டில் தாராளமாகப் பரந்தது. இன்றைக்கு நாம் 'மில்' என்று மனதில் நினைக்கும் அந்த நீண்ட ஒற்றைத்தள ஷெட் பெரும்பாலும் இந்தக் காலத்தின் வாரிசு.

ஒரு பழைய ஷெட்டுக்குள் போக வாய்ப்புக் கிடைத்தால் முதலில் தலையைத் தூக்கிப் பாருங்கள். கூரை ரம்பப் பல் மாதிரி ஏறி இறங்கி, ஏறி இறங்கிப் போகும். என்ஜினியர்கள் நார்த் லைட் ரூஃப் என்பார்கள். ஒவ்வொரு பல்லிலும் வடக்குப் பக்கம் கண்ணாடி, தெற்குப் பக்கம் ஓடோ தகரமோ சீட்டோ. வடக்கு வானத்திலிருந்து வரும் வெளிச்சத்தில் வெயில் இருக்காது, நிழல் விழாது. பஞ்சை நூலாக முறுக்கும் ரிங் பிரேம் மெஷினில் அறுந்த இழையைக் கண்டுபிடித்து முடிச்சுப் போடுகிறவருக்கு அந்த வெளிச்சம்தான் தேவை. இங்கிலாந்தில் இந்தக் கணக்கு வருஷம் முழுக்கச் சரியாக வரும். நம்மூர் பதினோரு டிகிரி வடக்கில் இருப்பதால், ஏப்ரல் மூன்றாம் வாரத்திலிருந்து ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை நண்பகல் சூரியனே நமக்கு வடக்கே நிற்கிறது. காலையிலும் மாலையிலும் சாய்வாகக் கண்ணாடி வழியே வெயில் உள்ளே விழும். எங்கள் பெரியப்பா ரிங் பிரேமில் சைடராக, அதாவது மெஷின் பக்கத்தில் நடந்து இழையைக் கவனிக்கிற தொழிலாளியாக இருந்தவர். கோடை வந்தால் கூரைக் கண்ணாடிக்கு ஆள் ஏற்றிச் சுண்ணாம்பு அடிப்பார்கள், மழை பிடித்ததும் அதுவாகவே கழுவிக்கொண்டு போகும் என்று சொல்வார்.

அப்புறம் கீழே பாருங்கள். தரையில் வரிசையாக போல்ட் அறுத்த தடம் தெரியும், அதுதான் பிரேம் நின்ற இடம். இரண்டு வரிசைத் தடங்களுக்கு நடுவே தரை மழமழவென்று தேய்ந்திருக்கும். எத்தனையோ வருஷம் சைடர்கள் முன்னும் பின்னும் நடந்த பாதை அது. எண்ணெய் ஊறிக் கறுத்த திட்டுகள் எத்தனை முறை கழுவினாலும் போகாது. கொஞ்சம் பிந்தைய கட்டடமாக இருந்தால் தரைக்கு அடியில் ஆள் குனிந்து போகிற அளவுக்குச் சுரங்கம் மாதிரி காற்றுப் பாதை இருக்கும். நூற்புக் கூடத்தில் காற்றின் ஈரப்பதம் 55 முதல் 60 சதவீதத்தை ஒட்டி இருக்க வேண்டும், குறைந்தால் இழை அறும், பஞ்சு பறக்கும். அதற்காக ஈரக்காற்றை மேலிருந்து விட்டு, தூசியும் பஞ்சும் கலந்த காற்றைத் தரை வழியாக இழுத்துக்கொள்ளும் ஏற்பாடு அது. இந்த ஏற்பாடு வந்தபிறகு ஜன்னல் வேண்டாம் என்று ஆகிவிட்டது. ஆகவே புகைபோக்கி இருந்தால் பைக்காராவுக்கு முந்தைய வாசனை, ரம்பப்பல் கூரையும் கண்ணாடியும் என்றால் நடுக்காலம், ஜன்னலே இல்லாமல் பொய்க்கூரை போட்டு மூடிய பெட்டி என்றால் பிற்காலம் என்று ஏறக்குறைய கணித்துவிடலாம்.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கட்டடத்தின் இந்த உடல்வாகுதான் அதன் அடுத்த பிழைப்பையும் தீர்மானிக்கிறது, அதைவிட முக்கியமாக, அது ஏன் மில்லாகத் தொடர முடியவில்லை என்பதற்கும் அதுவே ஒரு காரணம்.

முன்பெல்லாம் ஒரு ரிங் பிரேமில் நூல் சுற்றும் கதிர்கள் (ஸ்பிண்டில்) நானூறு வாக்கில் இருக்கும். இப்போது வருகிற பிரேம்களில் ஆயிரத்துக்கு மேல். மெஷின் அவ்வளவு நீளமாகிவிட்டது. அடுத்தடுத்துத் தூண் நிற்கிற பழைய ஷெட்டுக்குள் அதை நுழைக்கவே முடியாது, நுழைத்தாலும் ஆள் புழங்கவும், அப்படியே நூலைக் கோனில் சுற்றும் கோன் வைண்டிங் மெஷினோடு நேராக இணைக்கவும் வழி இருக்காது. ஆகவே நவீனமாக்க நினைத்த முதலாளிக்குப் பழைய கட்டடத்தைச் சரிசெய்வதைவிட பல்லடம் பக்கமோ உடுமலை பக்கமோ திண்டுக்கல் பக்கமோ ஏக்கர் கணக்கில் இடம் வாங்கிப் புதிதாகக் கட்டுவது லாபமாக இருந்தது. பஞ்சும் இப்போது நம் காட்டிலிருந்து வருவதில்லை. தமிழ்நாட்டு மில்களின் தேவையில் இங்கே விளைவது சிறு பங்குதான், மீதியெல்லாம் குஜராத், மகாராஷ்டிரம், தெலங்கானாவிலிருந்து லாரியில் வருகிறது. லாரி ஊருக்குள் வருவதைவிட பைபாஸில் நிற்பது வசதி. இதன்மேல் 2008-க்குப் பிறகு சில வருஷங்கள் மின்வெட்டு வாட்டியெடுத்தது. மின்சாரத்தால் பிறந்த தொழில் மின்சாரம் இல்லாமல் திண்டாடிய காலம் அது, பல சிறிய மில்கள் அப்போது நின்றவைதான், பிறகு எழவேயில்லை.

மில் நின்றவுடன் இடம் கைமாறிவிடும் என்று நினைக்க வேண்டாம். 1978-ல் வந்த தமிழ்நாடு நகர்ப்புற நில உச்சவரம்புச் சட்டம் 1999 வரைக்கும் இருந்தது. கோவை மாதிரியான நகரங்களில் வரம்புக்கு மேல் காலி நிலம் வைத்திருந்தால் அரசு எடுத்துக்கொள்ளலாம், விற்பதற்கும் ஆயிரம் கட்டுப்பாடு. மில் ஓடுகிறவரை அதைச் சுற்றியிருக்கும் இடம் தொழிலுக்குத் தேவை என்று காட்டலாம். நிறுத்திவிட்டால் சிக்கல். அதனால் நஷ்டத்திலும் இழுத்துப் பிடித்து ஓட்டினார்கள், இல்லையென்றால் ஓடுவது போல வைத்திருந்தார்கள். சட்டம் போன பிறகுதான் நகரத்துக்குள் மில் நிலங்கள் சந்தைக்கு வர ஆரம்பித்தன. 2025 வரை இருந்த தொழில் தகராறு சட்டப்படி நூறு பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் ஆலையை மூட அரசின் அனுமதி வேண்டும் என்பது இன்னொரு முடிச்சாக இருந்தது. அனுமதி கேட்டால் கிடைக்கவில்லை, கேட்காமல் மூடினால் வழக்கு வந்தது. பி.எஃப். பாக்கி, கிராஜுவிட்டி பாக்கி, வங்கிக் கடன், பங்காளிகளுக்குள் பாகப்பிரிவினை எல்லாம் ஒரே நிலத்தின் மேல் உட்கார்ந்திருக்கும். சீமைக்கருவேலம் முளைத்துக் கிடக்கும் மில்லைப் பார்த்தால், அதற்குள் இப்படி ஒரு கோர்ட் கட்டு நிச்சயம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்த இடைக்காலத்தில்தான் குடோன் வருகிறது. குடோனை யாரும் பெருமையாகப் பேசுவதில்லை. பழைய மில்லைக் காபி கடையாக மாற்றினால் பத்திரிகையில் படம் வரும், குடோனாக்கினால் வராது. ஆனால் கொங்கு நாட்டில் பழைய மில் கட்டடங்கள் இன்னும் இவ்வளவு மிச்சம் இருக்கின்றன என்றால் அதில் பெரிய பங்கு குடோனுக்குத்தான் சேர வேண்டும். ரம்பப்பல் கூரையின் பெரிய பலவீனம் இரண்டு பற்கள் சந்திக்கும் பள்ளம். அங்கே ஓடும் தகரக் கால்வாய் இலைதழையில் அடைத்துக்கொண்டால் ஐப்பசி மழையில் தண்ணீர் நேராக உள்ளேதான் இறங்கும். மரச்சட்டம் ஊறும், ஓடு சரியும், ஒரு பல் விழுந்தால் அடுத்ததும் தளர்ந்துபோகும். ஆளில்லாத ஷெட் சில மழைக்காலத்திலேயே எலும்புக்கூடு ஆகிவிடும். சரக்கு வைத்திருக்கிற ஷெட் அப்படி ஆகாது.

உடுமலை ரோட்டில் ஒரு பழைய நூற்பாலையின் கேட்டில் இருந்த பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். "ஏனுங்க, உள்ளே இப்ப என்னங்க வெச்சிருக்காங்க?" என்றதற்கு, "கொப்பரைங்க தம்பி. முன்னாடி நூல் மூட்டை இருந்துச்சுங்க. எது வெச்சாலும் வருசா வருசம் ஓடு மாத்திப் போட்டுத்தானுங்க ஆகோணும், ஒழுகுச்சுன்னா சரக்குக்காரன் அடுத்த மாசமே காலி பண்ணிட்டுப் போயிருவான்" என்றார். பாரம்பரியக் கட்டடப் பாதுகாப்பு பற்றி இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. வாடகை வருகிறது, அதனால் கூரை சரியாகிறது, அதனால் கட்டடம் நிற்கிறது. அந்த மில்லின் தரை பஞ்சு பேல்களையும் மெஷின்களையும் தாங்கியது, லாரி வந்து திரும்ப இடம் இருக்கிறது, கேட்டும் காவலும் எடை மேடையும் ஏற்கெனவே இருக்கின்றன. குடோனுக்கு வேண்டியது இவ்வளவுதான், செலவே இல்லாமல் பொருந்திவிடுகிறது.

திருப்பூர் இந்த விஷயத்தில் கோவையைவிட முன்னோடி. பனியன் ஊர் ஆவதற்கு முன் திருப்பூர் பருத்திச் சந்தை ஊர், பஞ்சு அரவை ஊர். கொட்டை பிரிக்கும் ஜின்னிங் ஃபேக்டரிகள் நிறைய இருந்தன. பருத்தி வரத்து குறையக் குறைய அந்த நீளமான கொட்டகைகளுக்குள் தையல் மெஷின் வரிசை வந்தது, கட்டிங் டேபிள் வந்தது, பீஸ் கட்டுகள் வந்தன. ஜின்னிங் கொட்டகை காற்றோட்டமானது, உயரமானது, பஞ்சை உலர்த்திக் குவிக்க முற்றம் இருக்கும். கொஞ்சம் முதலீட்டோடு கம்பெனி தொடங்குகிறவருக்கு அதைவிட என்ன வேண்டும். யாரும் அதைக் கட்டட மறுபயன்பாடு என்று பெயர் வைத்துச் செய்யவில்லை, இருக்கிற இடத்தில் பிழைப்பைப் பார்த்தார்கள், அவ்வளவுதான். பல்லடம், சோமனூர் பக்கம் இப்போதும் இது நடக்கிறது: நின்றுபோன சிறிய நூற்பாலை ஷெட்டில் தானியங்கித் தறிகள் இறங்குகின்றன, இல்லையென்றால் கழிவுப் பஞ்சில் நூல் ஓட்டும் ஓஇ மெஷின்கள் வருகின்றன. நெசவுக்கு நூற்பைவிட ஈரப்பதம் அதிகம் வேண்டும், தறியின் அதிர்வும் வேறு மாதிரி; தரையைக் கொத்தி அஸ்திவாரம் போட வேண்டியிருக்கும். ஆனாலும் ஜவுளியிலேயே இருந்து ஜவுளிக்கு மாறுவது கட்டடத்துக்கு உறுத்தாத மாற்றம். மின் இணைப்பு இருக்கிறது, வேலை தெரிந்த ஆட்கள் அக்கம்பக்கத்தில் இருக்கிறார்கள்.

ஜவுளியைவிட்டு வெளியே போகும்போதுதான் கட்டடம் அடிபடுகிறது. கல்யாண மண்டபம் ஆனால் எதிரொலியை அடக்கப் பொய்க்கூரை போட்டுவிடுவார்கள், ரம்பப்பல் கூரையே கண்ணுக்குத் தெரியாது. கடைகள் ஆனால் ஏசி வேண்டும், கூரைக் கண்ணாடியை அடைப்பார்கள். ஆஸ்பெஸ்டாஸ் சீட் போட்ட கூரையை மாற்றும்போது அதை உடைத்து நொறுக்கி எடுப்பது நுரையீரலுக்கு ஆபத்து, நனைத்து முழுசாகக் கழற்ற வேண்டும். இதை நம் ஊர்களில் யாரும் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை, கூலிக்கு ஏறுகிற பையன்களுக்கு முகத்தில் கட்டத் துண்டுகூட இருப்பதில்லை. அது எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிற விஷயம். இன்னொரு பக்கம் ஒரு நல்ல வாய்ப்பைப் பலரும் தவற விடுகிறார்கள்: ரம்பப்பல்லின் மூடிய சரிவு தெற்கைப் பார்த்து இருக்கிறது, சோலார் தகடு வைக்க நம் நாட்டில் அதைவிடத் தோதான திசை கிடையாது. சட்டத்தின் வலுவைச் சோதித்துவிட்டு வைத்தால், வடக்குப் பக்கம் வெளிச்சமும் தெற்குப் பக்கம் மின்சாரமும் ஒரே கூரையில் கிடைக்கும்.

எல்லாவற்றிலும் மோசமானது கட்டடமே இல்லாமல் போவது. கிருஷ்ணசாமி ரோட்டில் புரூக்பாண்ட் தேயிலை ஆலை இருந்த இடத்தில் 2009-ல் புரூக்பீல்ட்ஸ் மால் வந்தது. வியாபாரமாகப் பார்த்தால் அது வெற்றிதான், நானே எத்தனையோ முறை போயிருக்கிறேன். ஆனால் உள்ளே நிற்கிற இருபது வயதுப் பிள்ளைக்கு, இங்கே ஒரு ஆலை இருந்தது என்று உணர எதுவும் இல்லை. ஊரின் பல மில்கள் அதைவிடச் சத்தமில்லாமல் போயின. மெஷினைக் காயலான் கடைக்காரர் எடை போட்டுக் கொண்டு போவார், தேக்குச் சட்டமும் ஓடும் தனியாக விலை போகும், கடைசியில் சென்ட் கணக்கில் மனை பிரியும். மில் பெயரில் பஸ் ஸ்டாப் மட்டும் மிஞ்சும். லட்சுமி மில்ஸ் வளாகம் மாதிரி, கடைகளோ உணவகங்களோ வந்தாலும் இடத்தை முழுதாக அழித்துவிடாமல் பயன்படுத்துகிற வழியை நான் வரவேற்பதற்குக் காரணம் இதுதான்.

இருந்தாலும் அதற்கும் ஒரு எல்லை உண்டு. மில் என்பது சுவரும் கூரையும் மட்டும் கிடையாது. மில்லை ஒட்டி லைன் வீடுகள் இருந்தன, கேன்டீன் இருந்தது, கூட்டுறவுப் பண்டகசாலை இருந்தது, சங்க அலுவலகம் இருந்தது. மூன்று ஷிப்ட் சங்கை வைத்துத்தான் சுற்றுவட்டாரமே சோறாக்கியது. மில் நின்றபோது அந்தக் குடும்பங்கள் என்ன ஆயின என்பதைக் கட்டடத்தைப் பற்றிய பேச்சில் யாரும் சேர்ப்பதில்லை. ஐம்பது வயதில் வேலை போனவர்கள் காவலாளி வேலைக்குப் போனார்கள், சிலர் தாங்கள் வேலை பார்த்த அதே இடத்திலேயே. லைன் வீடுகள் பல இடங்களில் இப்போது ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த தொழிலாளர்களின் குடியிருப்பு. ஒரு அறைக்குள் ஆறேழு பேர் முறை வைத்துத் தூங்குகிறார்கள். பழைய ஷெட்டுக்கு வண்ணம் அடித்து விளக்குப் போடுகிறோம், அதே தொழிலில் இன்று உழைக்கிறவர்களை நூறு வருஷத்துக்கு முந்தைய அறையில் தங்க வைக்கிறோம். மறுபயன்பாட்டில் இதுவும் ஒன்று என்று கணக்கில் எழுதிக்கொள்ள வேண்டும்.

மும்பையில் நடந்ததைப் பார்த்தால் நமக்குப் பாடம் கிடைக்கும். 1982 வேலைநிறுத்தத்துக்குப் பிறகு அங்கே மில்கள் வரிசையாகப் படுத்தன. 1991-ல் ஒரு விதி கொண்டுவந்தார்கள்: மில் நிலத்தை வேறு காரியத்துக்குப் பயன்படுத்தினால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மாநகராட்சிக்குப் பொதுவெளிக்காக, ஒரு பங்கு வீட்டுவசதி வாரியத்துக்கு, மீதி உரிமையாளருக்கு. நல்ல விதி. 2001-ல் அதைத் திருத்தி, கட்டடம் இல்லாத காலி இடத்தை மட்டும் பங்கு போட்டால் போதும் என்றார்கள். மில் என்றாலே பெரும்பகுதி கட்டடம் நிற்கும் இடம்தானே, ஆகவே பொதுமக்கள் பங்கு சுருங்கிப்போனது. 2006-ல் உச்ச நீதிமன்றமும் திருத்தம் செல்லும் என்று சொல்லிவிட்டது. இன்றைக்கு லோயர் பரேலில் பீனிக்ஸ் மில் இருந்த இடத்தில் பெரிய மால். சென்னை பெரம்பூரில் பின்னி மில் 1996-ல் மூடியபின் பல வருஷம் சினிமா ஷூட்டிங் நடக்கிற இடமாக இருந்து, அப்புறம் அடுக்குமாடிக்குப் போனது. கோவையில் மில் நிலத்துக்கென்று தனி விதியே கிடையாது. 2019 கட்டட விதிகளின்படி பெரிய மனைகளில் பத்து சதவீதம் பொதுவெளியாக ஒதுக்க வேண்டும், அது எல்லோருக்கும் பொதுவான விதி. தொழிலாளர்கள் உழைப்பில் வளர்ந்த நிலம் என்பதற்காக அதில் ஒரு சென்ட்கூடக் கூடுதலாகக் கேட்க வழியில்லை.

தனியார் நிலத்தில் நாம் கெஞ்சலாம், யோசனை சொல்லலாம், அதற்கு மேல் உரிமை இல்லை. அரசு மில்கள் அப்படியல்ல. 1974-ல் நலிந்த பஞ்சாலைகள் தேசியமயமாக்கச் சட்டம் வந்தபோது நாடு முழுக்க 103 மில்கள் அரசுடைமை ஆயின. என்டிசி என்று நாம் சொல்லும் தேசியப் பஞ்சாலைக் கழகத்தின் கையில் கோவையில் ஐந்து மில்கள் இருக்கின்றன: ஸ்டேன்ஸ் மில், முருகன் மில், பங்கஜா மில், கம்போடியா மில், ரங்கவிலாஸ் மில். 2020 மார்ச் ஊரடங்கில் நிறுத்தப்பட்ட பிறகு முழு ஓட்டம் திரும்பவில்லை. அரைச் சம்பளத்துக்கும் நிலுவைக்கும் தொழிலாளர்கள் கேட் வாசலில் எத்தனையோ முறை உட்கார்ந்துவிட்டார்கள். அவர்களின் பாக்கியைத் தீர்ப்பது முதல் வேலை, கட்டடத்தைப் பற்றிப் பேசுவதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

பாக்கி தீர்ந்தபின் இந்த ஐந்தையும் மொத்தமாக ஏலத்தில் விட்டால் கோவை தன் தொழில் வரலாற்றின் இரண்டு முக்கியமான இடங்களை ஒரே நாளில் இழந்துவிடும். ஸ்டேன்ஸ் மில் ஊரின் முதல் பஞ்சாலை. ரங்கவிலாஸ் மில்லோ, 1946 ஜனவரி 8-ம் தேதி கோவைச் சிறையில் தூக்கிலிடப்பட்ட சின்னியம்பாளையம் தியாகிகள் ராமையன், ரங்கண்ணன், வெங்கடாசலம், சின்னையன் நால்வரும் வேலை செய்த மில். கஸ்தூரி சீனிவாசன் அறக்கட்டளையில் ஜவுளி அருங்காட்சியகம் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது, நல்ல முயற்சி. ஆனால் புளோரூமில் பேல் பிரிவதிலிருந்து கார்டிங், டிராயிங், சிம்ப்ளக்ஸ், ரிங் பிரேம் வழியாகக் கோனில் நூல் ஏறுவது வரை ஒரே கூரைக்கு அடியில் ஓடவிட்டுக் காட்டும் இடம் பள்ளிப் பிள்ளைகளுக்கு இந்த ஊரில் கிடையாது. மெஷின்களோடு ஒரு ஷெட்டை அப்படியே வைத்துக்கொண்டால் போதும். மீதி ஷெட்டுகளில் தொழில் பயிற்சி நடக்கலாம், சிறு நெசவாளர்களுக்குக் குடோன் கொடுக்கலாம், வந்து வேலை செய்கிறவர்களுக்குக் கௌரவமான தங்குமிடம் கட்டலாம். இதற்கெல்லாம் வருமானமும் வரும், வாடகை வந்தால்தான் கூரை நிற்கும் என்பதை மேலேயே பார்த்தோம்.

தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டம் 2012-லேயே வந்துவிட்டது. கோயிலும் அரண்மனையும் போல மில்லும் பாரம்பரியம்தான் என்று அந்தப் பட்டியலுக்கு யாராவது மனுக் கொடுக்க வேண்டும். மனுவோடு சேர்க்க ஒரு கட்டட வரைபடமாவது வேண்டும், தூண் இடைவெளி, கூரைச் சட்டம், கண்ணாடி, காற்றுச் சுரங்கம், மெஷின் நின்ற வரிசை எல்லாம் அளந்து குறித்தது. நில வழக்கு முடியட்டும் என்று இதற்குக் காத்திருக்க வேண்டியதில்லை. கோவையில் கட்டடக்கலைக் கல்லூரிகள் இருக்கின்றன, ஒரு வகுப்பு மாணவர்களுக்கு ஒரு செமஸ்டர் வேலை இது. எந்த மெஷின் எங்கே நின்றது என்று கைகாட்டிச் சொல்லக்கூடிய தொழிலாளர்களும் இன்னும் அந்தந்த மில்லுக்குப் பக்கத்துத் தெருக்களிலேயே குடியிருக்கிறார்கள், அவர்களையும் கூட அழைத்துக்கொண்டு உள்ளே போக என்டிசி அனுமதி கொடுத்தால் இந்த வருஷமே தொடங்கிவிடலாம்.